நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம் கோபன்ஹேகன்

காரைக்காலில் பாரிஸுக்குப் போய்வருவது பெரிய செய்தி இல்லை. தெருவுக்கு ஒரு வீட்டிலாவது பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கும். எங்கள் மாமாவும் அப்படித்தான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா. அத்தையும் அவரும் பாரிஸுக்கு வெளியே ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார்கள். போன கோடையில் மாமாவுக்கு எழுபத்தைந்து முடிந்ததற்காகப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு கப்பல் பயணம் போட்டுக் கொடுத்தார்கள். லே ஹாவ்ர் துறைமுகத்தில் ஏறி, வடக்கே சுற்றி, மறுபடி லே ஹாவ்ர். கடைசி நேரத்தில் ஒருவர் வரமுடியாமல் போக, ஓர் இடம் காலியானது. அந்தச் சமயத்தில் நான் அங்கே விருந்தாளியாக இருந்தேன்.

"மாப்ள, நீ வர்றியா?"

"எந்தெந்த ஊரு மாமா?"

"எனக்கென்ன தெரியும்? கோபன்ஹேகன் இருக்கு. நம்ம தரங்கம்பாடிக்காரன் ஊரு."

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் போனேன்.

காரைக்கால்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்காலில் இருந்து வடக்கே கோட்டுச்சேரி, பூவம் தாண்டினால் நண்டலாறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி மாநிலம், அந்தப் பக்கம் தமிழ்நாடு, நடுவில் ஒரு செக்போஸ்ட். அதைத் தாண்டிப் பொறையார், அங்கிருந்து கடலைப் பார்க்கத் திரும்பினால் தரங்கம்பாடி. மொத்தம் பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால் ஒன்று திருநள்ளாறு, இல்லையென்றால் தரங்கம்பாடி. டேனிஷ் கோட்டைக்குள் ஓடிப்பிடித்து விளையாடுவோம். ஆசிரியர் ஒருவர் இந்தக் கடற்கரையில் ஓசோன் காற்று அதிகம், நன்றாக மூச்சை இழுங்கள் என்பார். நாங்களும் இழுப்போம். அந்த ஓசோன் கதை இன்னும் அங்கே உலவுகிறது. ஓசோனை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கெடுதி என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை.

எங்களுக்குள் ஒரு சின்னப் பெருமையும் உண்டு. நம்மை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன், 1739-இல் வந்து 1954 வரை இருந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்தை ஆண்டவன் டேனிஷ்காரன், 1620-இல் வந்து 1845-இல் விற்றுவிட்டுப் போனான். தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயக் கம்பெனிக்குக் கைமாற்றினான். "விற்றவன்" என்று சொல்லும்போது எங்கள் குரலில் ஒரு இளக்காரம் இருக்கும். ஆளப்பட்டவர்களுக்குள் இப்படியொரு போட்டி. சிரிப்பாகத்தான் இருக்கிறது.

கப்பலில் ஏறும் முன் இரண்டு இரவு உட்கார்ந்து டேனிஷ் கதையைப் படித்தேன். அப்போதுதான் இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்த ஒன்று கண்ணில் பட்டது. தரங்கம்பாடியின் கதை தரங்கம்பாடியில் தொடங்கவில்லை. எங்கள் ஊர்க் கடலில் தொடங்குகிறது.

டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்டியான் 1616-இல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அனுமதி கொடுத்தான். இலங்கையில் கண்டி அரசனின் தூதன் என்று சொல்லிக்கொண்டு பாஸ்ஹவர் என்ற டச்சுக்காரன் ஒருவன் கோபன்ஹேகனில் வந்து இறங்கினான். போர்த்துகீசியருக்கு எதிராக உதவி செய்தால் வணிக உரிமை தருவோம் என்று ஆசை காட்டினான். 1618 நவம்பரில் ஓவே கெய்டே என்ற தளபதியின் கீழ் கப்பல்கள் கிளம்பின. தளபதிக்கு வயது இருபத்து மூன்று. அதற்குச் சில மாதங்கள் முன்பே வழி பார்க்க ஒரு கப்பலை அனுப்பியிருந்தார்கள். அதில் வந்தவன் ரோலண்ட் கிராப்பே என்ற டச்சு வணிகன்.

கெய்டேயின் கப்பல்கள் 1620 மே மாதம் இலங்கையைத் தொட்டபோது வந்தவர்களில் பாதிக்கு மேல் வழியிலேயே இறந்திருந்தார்கள். தூதன் பாஸ்ஹவரும் இறந்தவர்களில் ஒருவன். கண்டி அரசனோ, நான் போர்த்துகீசியரோடு எப்போதோ சமாதானம் ஆகிவிட்டேன் என்று கையை விரித்துவிட்டான். கல்யாண வீட்டுக்கு ஊர் கடந்து போய், பெண்ணுக்கு மூன்று வருஷம் முன்னாலேயே கல்யாணம் முடிந்துவிட்டது என்று கேட்ட மாதிரி.

முன்னால் வந்த கிராப்பேயின் கப்பலை 1619-இல் போர்த்துகீசியர் மடக்கி மூழ்கடித்தார்கள். எங்கே? காரைக்காலுக்கு எதிரே. மாலுமிகளில் பெரும்பாலோர் செத்தார்கள் அல்லது பிடிபட்டார்கள். இரண்டு பேருடைய தலையைக் கடற்கரையில் கழியில் குத்தி வைத்தார்களாம், பின்னால் வருகிற டேனிஷ்காரர்களுக்கு எச்சரிக்கையாக. கிராப்பேயும் பதின்மூன்று பேரும் தப்பிக் கரையேறினார்கள். நம்மாட்கள் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். ரகுநாத நாயக்கர் அந்த நனைந்த ஆளை வைத்துக் கணக்குப் போட்டார். போர்த்துகீசியன் ஒருவனையே நம்பியிருப்பதைவிட இன்னொரு வியாபாரியும் இருக்கட்டும். அந்தப் பேச்சில் வந்ததுதான் தரங்கம்பாடி. 1620 நவம்பரில் ஒப்பந்தம், அதன்பின் கோட்டை.

மூழ்கிய கப்பலின் பெயர் ஓரெசுண்ட். அது கோபன்ஹேகனை ஒட்டி ஓடும் கடற்காலின் பெயர். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் நடுவே இருக்கிற ஒடுங்கிய கடல்.

ஆக, எங்கள் கப்பல் கோபன்ஹேகனுக்குள் நுழைய வேண்டியதே அந்த ஓரெசுண்ட் வழியாகத்தான்.

சின்ன வயதில் எங்கள் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு விடிய முழித்த மாதிரி அன்று முழித்துக்கொண்டேன். ஜூன் மாதம், அங்கே நாலரைக்கே வெளிச்சம். மேல்தளத்தில் காற்று காதைப் பிடுங்கியது. மாமா பிரெஞ்சு ராணுவக் கம்பளிக்கோட்டோடு வந்தார், நான் அத்தையின் சால்வையோடு. இரண்டு பக்கமும் கரை நெருங்கி வந்தது. ஹெல்சிங்கர் என்ற இடத்தில் கடலின் அகலம் நாலு கிலோமீட்டர்தான். வலது கை பக்கம் டென்மார்க், இடது கை பக்கம் சுவீடன். டென்மார்க் முனையில் பச்சைக் கூரையோடு குரோன்போர்க் கோட்டை. ஷேக்ஸ்பியர் ஹாம்லெட் கதையை வைத்தது இங்கேதான்.

எனக்கு ஹாம்லெட்டைவிடச் செக்போஸ்ட்தான் பிடித்திருந்தது. 1429-இல் இருந்து 1857 வரை இந்தக் கடலைக் கடக்கிற கிட்டத்தட்ட ஒவ்வொரு கப்பலும் இங்கே நின்று டென்மார்க் அரசனுக்குச் சுங்கம் கட்டியாக வேண்டும். கட்டாமல் போனால் பீரங்கி. பணம் நேராக அரசன் பெட்டிக்குப் போகும். தரங்கம்பாடிக்குக் கப்பல் அனுப்பிய நான்காம் கிறிஸ்டியானின் பெட்டியை நிரப்பியதில் இந்தச் சுங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், எங்கள் ஊர்க்காரர்கள் இதை ரசிப்பார்கள். சுவீடனில் சாராயம், ஒயினை அரசாங்கக் கடைதான் விற்கும், தமிழ்நாட்டு டாஸ்மாக் மாதிரி. விலை அதிகம், நேரக் கட்டுப்பாடு வேறு. டென்மார்க்கில் அப்படி இல்லை, நம் காரைக்கால் மாதிரி. அதனால் சுவீடன்காரர்கள் எதிர்க்கரையில் இருந்து இருபது நிமிஷப் படகில் ஏறி ஹெல்சிங்கருக்கு வந்து தள்ளுவண்டி நிறைய வாங்கிக்கொண்டு போவது பல காலமாக நடக்கிற பழக்கம். மாமாவிடம் சொன்னேன். அவர் இரண்டு கரையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இது நண்டலாறு. இந்தப் பக்கம் பொறையாரு, அந்தப் பக்கம் பூவம்."

கப்பல் காலையில் லாங்கலினி துறையில் கட்டியது. தொலைவில் கடலுக்குள் இருபது காற்றாலைகள் வில்போல வளைந்து நின்றன. இறங்கலாம், மாலை நாலரைக்குள் ஏறிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் நாலு மொழியில் சொன்னார்கள். எட்டு மணி நேரம்.

இந்த மாதிரிப் பயணத்தில் ஓர் ஊரைப் பார்த்தேன் என்று சொல்வது கொஞ்சம் பொய்தான். கப்பலில் இருந்து இறங்குகிற ரெண்டாயிரம் பேரும் முதலில் ஓடுவது கடற்கன்னி சிலைக்கு. பக்கத்திலேயே இருக்கிறது. 1913-இல் வைத்தது, உயரம் ஒன்றேகால் மீட்டர். அத்தை ரொம்ப ஏமாந்துபோனார். "இதுக்கா இத்தனை கூட்டம்? நம்ம பீச்சுல வச்சா குழந்தைங்க ஏறி உக்காந்துக்கும்." அந்தச் சிலையின் தலையை 1964-இல் ஒருமுறை, 1998-இல் ஒருமுறை யாரோ வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். முதல் முறை புதுத் தலை செய்து வைத்தார்கள், இரண்டாம் முறை போன தலையே திரும்பக் கிடைத்தது. எனக்கு எங்கள் கடற்கரையில் கழியில் இருந்த அந்த இரண்டு தலைகள் நினைவுக்கு வந்தன. அத்தையிடம் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரம்.

அங்கிருந்து நடந்தோம். நட்சத்திர வடிவக் கோட்டை, அதைத் தாண்டி நீபோடர். நீபோடரைப் பற்றி எந்தச் சுற்றுலாத்தாளிலும் பெரிதாகப் போடுவதில்லை. மஞ்சள் காவி அடித்த வரிசை வீடுகள், குட்டை வாசல், சின்ன ஜன்னல். கப்பற்படை மாலுமிகளும் அவர்கள் குடும்பமும் தங்குவதற்காக நான்காம் கிறிஸ்டியான் 1631-இல் கட்டத் தொடங்கியது. நம் பக்கத்து லைன் வீடு மாதிரி. இந்த வாசலில் நின்றுகொண்டு எத்தனை பெண்கள் தரங்கம்பாடிக்குப் போனவன் வருவானா என்று பார்த்திருப்பார்கள்!

வந்த கப்பல்களைவிட வராத கப்பல்களின் கதைதான் என்னை ஆட்டிவிட்டது. ஐரோப்பாவில் சண்டை, கம்பெனியில் பணம் இல்லை. 1639-க்குப் பிறகு 1668 வரை டென்மார்க்கில் இருந்து தரங்கம்பாடிக்கு ஒரு கப்பல்கூடக் கிளம்பவில்லை. இருபத்தொன்பது வருஷம். கோட்டையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாகவும் ஓடிப்போகவும் ஆரம்பித்தார்கள். கடைசியில் மிஞ்சியவன் எஸ்கில் கோங்ஸ்பாக்கே, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சாதாரண ஆள். அவன் உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கோட்டையைக் காத்தான். வங்காளக் கப்பல்களைப் பிடித்துக் கொள்ளையடித்தான், அதில் வந்த பணத்தில் ஊரைச் சுற்றி மதில் எழுப்பினான், தஞ்சாவூர் படைகளைத் தாங்கிக்கொண்டான். கடைசியாக 1669-இல் ஃபேரோ என்ற கப்பல் வந்து நின்றபோது அவனே அங்கே அதிகாரி. வந்தவர்களும் அதை உறுதி செய்தார்கள். வருஷக்கணக்கில் கடலையே பார்த்துக்கொண்டு இருந்தவன், தூரத்தில் பாய்மரம் தெரிந்த அன்று என்ன செய்திருப்பான்? நான் ஒரு டவுன் பஸ் இருபது நிமிஷம் தாமதமானால் செக்போஸ்ட் வரை நடக்கத் தொடங்கிவிடுகிற ஆள்.

நீஹவனில் கலர் கலராக வீடுகள், கால்வாயில் படகுகள். எல்லோரும் எடுக்கிற படத்தை நாங்களும் எடுத்தோம். அத்தைக்குப் பசி. கம்பு ரொட்டி மாதிரி கறுத்த ரொட்டியின்மேல் ஊறவைத்த ஹெர்ரிங் மீன் வைத்துக் கொடுத்தார்கள். நெருப்பே காட்டாத மீன், வினிகரில் ஊறிய புளிப்பும் இனிப்பும். காரைக்காலில் பிறந்தவருக்குக் குழம்பு வைக்காத மீன் மீனே அல்ல. அத்தை ரொட்டியை மட்டும் சாப்பிட்டார். மாமா இரண்டு தட்டு முடித்தார். ஒரு காபி நம் கணக்கில் ஐந்நூறு ரூபாயைத் தாண்டியது. அதற்குமேல் அந்தக் கடையைப் பற்றி எழுத விருப்பமில்லை.

நான் முக்கியமாகப் பார்க்க நினைத்தது இரண்டு. ஒன்று பழைய வணிகச் சந்தைக் கட்டிடம், பர்சன் என்பார்கள். நான்காம் கிறிஸ்டியான் கட்டியது. தரங்கம்பாடிக் கோட்டைக்கு அடி போட்ட அதே காலத்தில்தான் இதற்கும் வேலை நடந்தது. நாலு டிராகன் வால்கள் முறுக்கிக்கொண்டு மேலே போகிற கோபுரம் அதன் அடையாளம். 2024 ஏப்ரல் 16 அன்று அது தீப்பிடித்து, அந்தக் கோபுரம் எரிந்தபடியே விழுந்தது. வழியில் போன சாதாரண ஜனங்கள்கூட உள்ளே இருந்த ஓவியங்களைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்த காட்சியைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். நான் போனபோது சாரம் கட்டி மூடியிருந்தது. சாரத்துக்கு முன்னால் நின்று மாமாவைப் படம் எடுத்தேன். நான்கு நூற்றாண்டு நின்றது பெரிய ஊரில் எரிந்துபோயிற்று, உப்புக்காற்றிலும் 2004 சுனாமியிலும் அடிபட்ட செங்கல் கோட்டை எங்கள் பக்கத்தில் நிற்கிறது.

பாலத்தைத் தாண்டினால் கிறிஸ்டியான்ஸ்ஹவன். 1730-களில் தொடங்கிய ஆசியக் கம்பெனியின் அலுவலகமும் கிடங்கும் அங்கேதான். அந்தச் சதுக்கத்துக்கு இன்றும் ஆசியச் சதுக்கம் என்று பெயர். இப்போது அங்கே வெளியுறவு அமைச்சகம். கல்பதித்த தண்ணீரோரத்தில் நின்றேன். நம் பக்கத்துத் துணி எல்லாம் வந்து இறங்கிய கரை இது. கோபன்ஹேகன் என்ற பெயருக்கே வணிகர் துறைமுகம் என்றுதான் அர்த்தம். நாகப்பட்டினம், காவிரிப்பூம்பட்டினம் என்று நாம் சொல்கிற "பட்டினம்" போல. தமிழில் பெயர் வைத்தால் வணிகப்பட்டினம் என்று வைத்துவிடலாம்.

இரண்டாவது ஆசை, தங்க ஓலை. ரகுநாத நாயக்கர் டென்மார்க் அரசனுக்குத் தமிழில் எழுதித் தெலுங்கில் கையெழுத்துப் போட்டு அனுப்பிய கடிதம், தங்கத் தகட்டில் பொறித்தது. கோபன்ஹேகனில் அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நம் எழுத்து, நம் தஞ்சாவூர் ஆள், அந்த ஊரில் பூட்டிய அறைக்குள். எட்டு மணி நேரத்துக்காக இறங்கிய சுற்றுலாக் கப்பல்காரன் போய்க் கதவைத் தட்டிக் "காட்டுங்க" என்று கேட்கிற பொருள் இல்லை அது. தெரிந்துதான் போனேன். ஆனாலும் வழியெல்லாம் மனது அதைச் சுற்றியே வந்தது. இந்த மாதிரி ஒரு நாள் இறங்கல் பயணத்தில் எதை விட்டுவிட்டு வருகிறோமோ அதுதான் வீடு வரை கூடவே வருகிறது.

திரும்பும்போது தண்ணீர் பாட்டில் வாங்க ஒரு சின்னக் கடைக்குள் நுழைந்தோம். கல்லாவுக்குப் பின்னால் முருகன் காலண்டர். மாமா என் கையைக் கிள்ளினார்.

"நீங்கள் தமிழோ?" கடைக்காரர்தான் முதலில் கேட்டார்.

"ஆமாங்க. காரைக்கால்."

"காரைக்காலோ! அம்மையாற்ற ஊரெல்லோ!"

பாரிஸில் முப்பது வருஷம் இருந்த மாமாவிடம் காரைக்கால் என்றதும் யாரும் அம்மையாரைக் கேட்டதில்லையாம், பிரெஞ்சு பாஸ்போர்ட்டைத்தான் கேட்பார்களாம். கடைக்காரர் பருத்தித்துறை. எண்பதுகளில் அகதியாக வந்தவர்.

"அபிராமி அம்மன் கோயிலுக்குப் போகேல்லையோ? பிரான்டேயில இருக்கு. இங்கயிருந்து காரில மூண்டு மணித்தியாலம் வரும்."

"அபிராமி திருக்கடையூர்லல்ல இருக்கா! தரங்கம்பாடிக்குப் பக்கத்துல," என்றார் அத்தை.

"அங்கயும் இருக்கிறா. இங்கயும் வந்திட்டா."

தரங்கம்பாடி என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு நான் டேனிஷ் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். தன் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றி ஒரு பக்கம் இருந்திருக்கலாம், தனக்குத் தெரியாது என்றார். "அப்ப அவையள் எங்கட பக்கம் முதல் வந்தவை, பிறகுதான் நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்." சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குச் சிகரெட் எடுத்துக் கொடுத்தார். தண்ணீருக்குக் காசு வாங்கிக்கொண்டார். அதுதான் முறை.

நாலே காலுக்குக் கப்பலில் ஏறினோம். அன்று இரவு பத்து மணி வரை வெளிச்சம் போகவில்லை. ஹெல்சிங்கர் மறுபடி வந்தது, இந்தமுறை இடது கையில். மாமா தூங்கிவிட்டார்.

ஊருக்குத் திரும்பியதும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஓரெசுண்ட் நினைவு வந்தது. அதற்கு எங்கள் ஊரில் ஒரு பலகையை நான் பார்த்ததில்லை. பிரெஞ்சுக்காரனோடு சேர்த்துத்தான் நாங்கள் எங்களை எழுதிக்கொண்டோம், அவனுக்கு நூற்றிருபது வருஷம் முன்னாலேயே எங்கள் கடலில் செத்தவர்களை யார் கணக்கில் எழுதுவது என்று யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது.

ஒரு சாயங்காலம் காரைக்கால்மேட்டுக்குப் போனேன். தெரிந்த அண்ணன் ஒருவர் வலை சரிபார்த்துக்கொண்டு இருந்தார். கதையைச் சுருக்கமாகச் சொல்லி, எதிரே எங்கேயாவது பழைய கப்பல் கிடக்கிற மாதிரி வலை மாட்டுமா என்று கேட்டேன்.

"எது, போன தடவ புயல்ல போன போட்டா?"

"இல்லண்ணே, நானூறு வருஷம் முன்னால. மரக்கப்பல்."

"நானூறு வருஷமா? மரத்த கடல்புழு அரிச்சிருக்கும். ஆணிகூட மிஞ்சாது." கொஞ்ச நேரம் கண்ணியைக் கோர்த்தார். அப்புறம் தலையைத் தூக்கினார். "என்ன சரக்கு அதுல?"

"மிளகு வாங்க வந்த கப்பல்ணே."

"வாங்க வந்ததா? அப்ப காலியாத்தான் இருந்துருக்கும்," என்று சொல்லிவிட்டு அடுத்த கிழிசலுக்கு நகர்ந்தார்.